இருபத்தொரு வயது மாணவரும் தோலின் காவலர்களும்

தோல் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது நிறம். பெண் பார்க்கப் போனாலும் நிறம், பிள்ளை பிறந்தாலும் நிறம், தொலைக்காட்சியைத் திறந்தாலும் முகத்தை வெளுப்பாக்கும் பூச்சுகளின் விளம்பரம். அந்த நிறத்தைத் தரும் உயிரணுவின் பெயர்கூடப் பலருக்குத் தெரிந்திருக்கும்: மெலனோசைட். ஆனால் அதே தோலில், அதற்குச் சற்று மேலேயே இன்னொரு வகை உயிரணு குடியிருக்கிறது. நிறத்தோடு அதற்கு எந்த வேலையும் இல்லை. நம் உடலுக்குள் யார் நுழைகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. அதை முதன்முதலில் கண்டு, படமாக வரைந்து உலகுக்குக் காட்டியவர் பெர்லின் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அவர் பெயர் பால் லாங்கர்ஹான்ஸ்.

உயிர்மருத்துவ அறிவியலில் மூன்றாம் ஆண்டு படிக்கும் எனக்கு இந்தப் பெயர் இரண்டு முறை எதிரே வந்தது. நோய் எதிர்ப்பாற்றல் பாடத்தில் தோலைப் பற்றிப் படித்தபோது லாங்கர்ஹான்ஸ் உயிரணு என்றார் விரிவுரையாளர். அடுத்த பருவத்தில், சுரப்பிகளைப் பற்றிய பாடத்தில், கணையத்தில் உள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்றார் வேறொரு விரிவுரையாளர். தோல் எங்கே, கணையம் எங்கே? இருவரும் ஒருவரா என்று அறியும் ஆவலில்தான் இந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். ஒருவரேதான். இரண்டையும் 22 வயது நிறைவதற்குள் செய்து முடித்திருக்கிறார். தமிழ்ப்பள்ளியை விட்டு வந்த பிறகு தோலும் கணையமும் எனக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் பாடமாயின. அவற்றைத் தமிழில் எழுதிப் பார்க்கவும் இது ஒரு வாய்ப்பு. சொற்கள் எங்கேனும் தடுக்கினால் ஆண்டிதழ் ஆசிரியர் குழு பொறுத்தருள வேண்டும்.

வாழ்க்கைக்குப் போகுமுன் தோலைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரும். மேலே இருப்பது மேல்தோல்; உடலின் பெரும்பாலான இடங்களில் அது ஒரு தாளின் கனம்தான். அதற்குக் கீழே உள்தோல். இரத்தக் குழாய்கள், நரம்புகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள் எல்லாம் அங்கேதான். அதற்கும் கீழே கொழுப்பு. மேல்தோலில் பத்துக்கு ஒன்பது பங்கு கெராட்டினோசைட் என்னும் உயிரணுக்கள். அவை அடியில் பிறந்து, மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, இறந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் செதிலாக உதிர்கின்றன. வீட்டு மொட்டைமாடிக்குச் செங்கல் அடுக்குவதுபோல அவை நெருக்கமாக அடுக்கியிருப்பதால் நீரும் கிருமியும் எளிதில் புகுவதில்லை. இந்தச் செங்கற்களுக்கு இடையில், நூற்றுக்கு மூன்று நான்கு என்ற கணக்கில், கைகளை நாலாபுறமும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவைதான் நம் கதாநாயகரின் உயிரணுக்கள். எண்ணிக்கை குறைவுதான். ஆனாலும் கிளைகள் நீண்டிருப்பதால் தோலின் பரப்பு முழுவதும் ஒரு வலைபோல் பரவியிருக்கின்றன.

பால் லாங்கர்ஹான்ஸ் 1847ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பெர்லினில் பிறந்தார். தந்தையும் மருத்துவர், நகர அரசியலில் செல்வாக்குள்ளவர். தந்தையின் பெயரும் பால் லாங்கர்ஹான்ஸ்தான், இதனால் பழைய ஆவணங்களைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் குழப்பம். பள்ளிப் படிப்பை முடித்து யேனா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஏர்ன்ஸ்ட் ஹெக்கெல் என்ற விலங்கியல் அறிஞர் அவரைக் கவர்ந்தார். டார்வினின் கொள்கையை ஜெர்மனியில் பரப்பியவர் அவர். கடல்வாழ் சிற்றுயிர்கள்மீது லாங்கர்ஹான்ஸுக்கு ஏற்பட்ட பற்று அங்கே தொடங்கியது. அந்தப் பற்று பின்னாளில் அவருக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

யேனாவிலிருந்து பெர்லினுக்குத் திரும்பி மருத்துவப் படிப்பைத் தொடர்ந்தார். அங்கே ருடால்ஃப் விர்ஹோ இருந்தார். நோய் என்பது உயிரணுக்களில் ஏற்படும் மாற்றம் என்று நிறுவி, மருத்துவத்தையே வேறு திசைக்குத் திருப்பியவர். அவர் நடத்திய ஆய்விதழ் தொடங்கியதும் 1847இல்தான். மாணவருக்கும் இதழுக்கும் ஒரே வயது. விர்ஹோவின் ஆய்வுக்கூடத்தில் யூலியுஸ் கோன்ஹைம் என்ற இளம் ஆய்வாளரும் இருந்தார். திசுவைப் பொன் குளோரைடு கரைசலில் ஊறவைத்து ஒளியில் வைத்தால், நரம்பு இழைகளில் பொன் படிந்து அவை கருஞ்சிவப்பாகத் தெரியும் என்ற முறையை உருவாக்கியவர் அவர். அதற்கு முன்பு நுண்ணோக்கியில் தோலைப் பார்த்தவர்களுக்கு நரம்பின் முனை எங்கே முடிகிறது என்பது தெளிவாகத் தெரியாது. எல்லாம் ஒரே வெளிறிய நிறம்.

பல்கலைக்கழகம் மாணவர்களுக்கு ஓர் ஆய்வுப் போட்டி அறிவித்தது. லாங்கர்ஹான்ஸ் எடுத்துக்கொண்ட பொருள் மனிதத் தோலின் நரம்புகள். தோலை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பொன் கரைசலில் இட்டுப் பார்த்தார். இந்த முறை மிகவும் அடம்பிடிக்கும் முறை. கரைசலின் அளவு, ஒளி, நேரம், இவற்றில் ஒன்று பிசகினாலும் எல்லாமே கறுத்துவிடும். இரண்டாம் ஆண்டு ஆய்வக வகுப்பில் சாயமேற்றிய கண்ணாடித் தகடுகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அது புரியும். அப்படிப் பொறுமையாகப் பார்த்ததில், உள்தோலில் ஓடும் நரம்புகள் தெரிந்தன. அவற்றோடு எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. மேல்தோலின் நடுவில், கெராட்டினோசைட்டுகளுக்கு இடையே, மரக்கிளைபோல் விரிந்த கரிய உயிரணுக்கள். மேலே பல கிளைகள், சிலவற்றில் கீழ்நோக்கி இறங்கும் ஒரு கிளை.

பொன்னை ஏற்பவை நரம்புகள், கிளைவிட்டிருப்பவையும் நரம்புகள். ஆகவே இவையும் நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து வரும் உணர்வுகளை வாங்கி உள்ளே அனுப்பும் முனைகளாக இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். 1868இல் அந்தக் கட்டுரை விர்ஹோவின் இதழில் வெளியானது. இன்று நமக்குத் தெரியும், அந்த முடிவு தவறு. அவை நரம்பணுக்கள் அல்ல. ஆனால் அவர் வரைந்த படங்களில் பிழையில்லை. அவற்றை இன்றைய பாடநூலில் போட்டாலும் பொருந்தும். கண்ணால் பார்த்ததை ஓரிடத்திலும், அதிலிருந்து ஊகித்ததை வேறோரிடத்திலும் அவர் பிரித்து வைத்திருந்ததால்தான், ஊகம் வீழ்ந்த பிறகும் காட்சி நிலைத்தது என்று நான் நினைக்கிறேன். இறுதியாண்டு ஆய்வேட்டில் முடிவுகள் ஓர் இயலாகவும் விளக்கம் மற்றோர் இயலாகவும் ஏன் இருக்க வேண்டும் என்று முணுமுணுக்கும் நண்பர்கள் இந்தக் கட்டுரையின் வரலாற்றைப் படித்துப் பார்க்கலாம்.

அடுத்த ஆண்டு, 1869 பிப்ரவரியில், மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வேட்டை அவர் அளித்தார். பொருள், கணையத்தின் நுண்ணமைப்பு. முயலின் கணையத்தை ஆராய்ந்து ஒன்பது வகை உயிரணுக்களை விவரித்தார். அவற்றில் ஒரு வகை விசித்திரமானது. செரிமான நீரைச் சுரக்கும் உயிரணுக்களுக்கு நடுவே, கடலில் தீவுகள்போல் ஆங்காங்கே கூட்டமாக நிற்கும் சிறிய, தெளிந்த உயிரணுக்கள். இவற்றின் வேலை என்ன? இங்கே லாங்கர்ஹான்ஸ் ஊகம் எதுவும் செய்யவில்லை. தமக்குத் தெரியவில்லை என்று நேராகவே எழுதிவிட்டார். தோலில் துணிந்து ஒரு முடிவு சொன்னவர் கணையத்தில் ஏன் அடக்கி வாசித்தார் என்பது சுவையான கேள்வி. எனக்கு அந்த இரண்டு லாங்கர்ஹான்ஸையும் பிடித்திருக்கிறது.

அதே 1869இல் இன்னொரு வேலையும் நடந்தது. ஹோஃப்மன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, இலிங்கத்தின் செந்நிறத் தூளை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்தி, அது உடலில் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தார். நம் சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் என்பார்களே, அதே பாதரசக் கனிமம்தான். உடலின் சில உயிரணுக்கள் அந்தத் தூளை விழுங்கி வைத்துக்கொள்வதை இருவரும் கண்டார்கள். அயற்பொருளை விழுங்கும் உயிரணுக்கள் பற்றிய தொடக்ககால ஆய்வுகளில் இது ஒன்று. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1870இல் கீப்பெர்ட் என்ற புவியியலாளரோடு எகிப்து, சிரியா, பாலத்தீனம் என்று பயணம் போனார். அங்கே தொழுநோயாளிகளையும் கவனித்தார். திரும்பியதும் பிரான்சோடு போர். காயம்பட்டோரைக் கவனிக்கும் மருத்துவப் பிரிவில் பணி. போர் முடிந்து 1871இல் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிணங்களை அறுத்து ஆராய்வதும் மாணவர்களுக்குக் கற்பிப்பதும் வேலை. அங்கிருந்தும் தோலை விடவில்லை. 1873இல் தொடுவுணர்வுத் துகள்களையும் மேல்தோலின் அடுக்குகளையும் பற்றி எழுதினார். விரைவிலேயே பேராசிரியராகவும் உயர்ந்தார். முப்பதுக்குள் இவ்வளவும் கிடைத்த ஒருவரின் வாழ்க்கை இனி நேர்கோட்டில்தான் போகும் என்று எவரும் நினைத்திருப்பார்கள்.

1874இல் காசநோய் வந்தது. அறுவை அறையில் உடல்களிலிருந்து அது அவருக்குத் தொற்றியிருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882இல். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு இவர் நோயாளியாகிவிட்டார். மருந்து என்று எதுவும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் வர 1943 வரை காத்திருக்க வேண்டும். அந்நாளில் மருத்துவர்கள் சொன்னது ஒன்றுதான்: நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போங்கள். இத்தாலிக்குப் போனார், சுவிட்சர்லாந்தின் மலைகளுக்குப் போனார். பயனில்லை. வேலையை விட வேண்டியதாயிற்று.

1875 அக்டோபரில் அவர் மதேரா தீவில் போய் இறங்கினார். அட்லாண்டிக் கடலில் உள்ள போர்த்துகீசியத் தீவு அது. ஆண்டு முழுவதும் மிதமான வெப்பம். ஐரோப்பாவின் காசநோயாளிகள் பலர் அதன் தலைநகரான ஃபுன்ஷாலுக்கு வந்து தங்குவது அக்கால வழக்கம். சிலர் குணமாகித் திரும்பினார்கள், பலர் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். லாங்கர்ஹான்ஸ் இரண்டுக்கும் நடுவில் நின்றார். நோய் தணிந்தது. ஆனால் ஃபிரைபர்குக்குத் திரும்பும் அளவுக்கு இல்லை.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றியது. 28 வயது. பதவி இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, மாணவர்கள் இல்லை. சாய்வு நாற்காலியில் கடலைப் பார்த்தபடி அவர் எஞ்சிய நாட்களைக் கழித்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? மீனவர்களும் கடற்கரையும் இருக்கும் ஊரில் புழுக்களை ஆராய்ந்தார். யேனாவில் ஹெக்கெலிடம் கற்ற விலங்கியல் அங்கே கைகொடுத்தது. மதேராவின் கடற்புழுக்களைப் பற்றி 1879 முதல் 1884 வரை தொடர்ச்சியாகக் கட்டுரைகள் வெளியிட்டார். புதிதாகக் கண்ட ஒரு புழுவின் இனத்துக்குத் தம் ஆசிரியர் விர்ஹோவின் பெயரைச் சூட்டினார். ஆசிரியருக்குக் காணிக்கையாகப் புழுவைத் தரலாமா என்று நம் வழக்கப்படி தயங்குவோம். விலங்கியலாளர்களிடையே அது பெரிய மரியாதை.

உடல் கொஞ்சம் தேறியதும் ஃபுன்ஷாலில் மருத்துவத் தொழிலும் பார்த்தார். அவரிடம் வந்தவர்களில் காசநோயாளிகள் மிகுதி. தமக்கு இருந்த நோய்க்கே பிறருக்கு மருத்துவம் பார்த்தார். 1885இல், அங்கு வரும் நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் பயன்படும்படி மதேரா பற்றி ஒரு கையேடு எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் மார்கரெட்டே எபார்ட் என்ற பெண்ணை மணந்தார். அவர், லாங்கர்ஹான்ஸிடம் மருத்துவம் பார்த்துவந்து இறந்துபோன ஒருவரின் மனைவி.

மணவாழ்க்கை மூன்று ஆண்டுகள்தான். 1887இல் சிறுநீரகம் கெடத் தொடங்கியது. கால்கள் வீங்கின, தலைவலி வாட்டியது. 1888ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் ஃபுன்ஷாலில் இறந்தார். 41ஆம் பிறந்தநாளுக்கு ஐந்து நாட்கள் இருந்தன. அந்த ஊரின் ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். தாம் கண்ட இரண்டு வகை உயிரணுக்களும் உடலில் என்ன செய்கின்றன என்பது தெரியாமலேயே போய்விட்டார்.

முதலில் விடை கிடைத்தது கணையத்துக்கு. அவர் இறந்த மறு ஆண்டே, 1889இல், மிங்கோவ்ஸ்கி, மேரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டால் அதற்கு நீரிழிவு வருகிறது என்று கண்டார்கள். 1893இல் பிரான்சின் லகெஸ் என்பவர், முயலில் கண்ட அந்தத் திட்டுகள்தான் உடலுக்குள் ஏதோ ஒன்றைச் சுரக்கின்றன என்று கருதி, அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸின் பெயரை வைத்தார். 1921இல் கனடாவின் டொரொண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். பெஸ்டுக்கு அப்போது வயது 22. அவரும் மாணவர்தான்! 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலில் செலுத்தப்பட்டது. நம் குடும்பங்களில் இனிப்புநீர் இல்லாத வீடு குறைவு. விடுமுறையில் வீட்டுக்குப் போனால் பாட்டிக்கு இரவு ஊசி போடுவது என் பொறுப்பு. வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்தும்போது, அந்த ஊசி முதலில் மேல்தோலின் லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்களைக் கடந்து போகிறது; பின்பு கொழுப்புக்குள் அது கொண்டு சேர்ப்பது, லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் சுரக்க வேண்டிய பொருளை. இதைப் பாட்டியிடம் சொன்னேன். ஊசியைச் சீக்கிரம் போடு என்றார்.

தோலுக்கான விடை வர இன்னும் நெடுநாள் ஆனது. நரம்பு என்ற கருத்து மெல்லக் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, இவை நிறத்தைச் செய்து களைத்துப்போன பழைய மெலனோசைட்டுகள், உதிர்வதற்காக மேலே வந்துகொண்டிருக்கின்றன என்று பலர் நம்பினார்கள். எவ்வளவு பெரிய அவமதிப்பு பாருங்கள், காவலாளியைப் பார்த்து ஓய்வுபெற்ற வண்ணப்பூச்சுக்காரர் என்பதுபோல! 1961இல் பிர்பெக் முதலானோர் மின்னணு நுண்ணோக்கியில் வெண்படை நோயாளிகளின் தோலைப் பார்த்தார்கள். வெண்படையில் மெலனோசைட்டுகள் அழிந்துபோகின்றன. ஆனால் அந்த வெளுத்த தோலிலும் லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்கள் இருந்தன. அவற்றுக்குள் டென்னிஸ் மட்டையைப்போன்ற வடிவில் நுண்ணிய துகள்கள் தெரிந்தன. அது வேறெந்த உயிரணுவிலும் காணாத அடையாளம். ஆக, நிறத்துக்கும் இவற்றுக்கும் உறவில்லை என்பது வலுப்பட்டது.

1973இல் இங்கா சில்பர்பெர்க் என்ற ஆய்வாளர், ஒவ்வாத பொருள் பட்ட தோலில் வெள்ளையணுக்கள் இந்த உயிரணுக்களோடு ஒட்டி நிற்பதைக் காட்டினார். அதே ஆண்டு நியூயார்க்கில் ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் எலியின் மண்ணீரலில் கிளைவிட்ட ஒரு வகை உயிரணுவை விவரித்தார்கள். அயற்பொருளைப் பிடித்து, வெள்ளையணுக்களுக்குக் காட்டி, எதிர்ப்பைத் தொடங்கிவைப்பது அவற்றின் வேலை என்பது பின்னர் தெளிவானது. தோலின் கிளை உயிரணுக்களும் அதே வேலையைச் செய்கின்றன. கிருமியின் துணுக்கைப் பற்றிக்கொண்டு, தோலை விட்டு இறங்கி, நிணநீர்க் குழாய் வழியே நிணநீர்க் கணுவுக்குப் போய்ச் செய்தி சொல்கின்றன. எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை மணி அடிப்பதும் இல்லை. தீங்கற்றவற்றைப் பொறுத்துப் போகும்படி சொல்வதும் அவற்றின் வேலையில் அடங்கும். கடும் வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் பட்டால் இவற்றின் எண்ணிக்கை குறைகிறது. தோல் கறுத்துவிடும் என்பதற்காகக் குடை பிடிக்கும் நமக்கு இது வேறொரு காரணத்தைத் தருகிறது. ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதற்கு மூன்று நாட்களுக்கு முன்புதான் அவர் இறந்திருந்தார்.

இங்கே எனக்கு மனத்தை உறுத்தும் ஒன்று உண்டு. இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்ட அதே 1921இல்தான் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பு மருந்து பாரிசில் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. அப்போது வாய்வழி. பின்னர் அது தோலுக்குள் போடும் ஊசியாக மாறியது. நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு முதலில் போடும் ஊசிகளில் அதுவும் ஒன்று. உங்கள் இடது மேற்கையைப் பாருங்கள், அந்தச் சிறு தழும்பு இருக்கும். தோலின் பாதுகாப்பைக் கொண்டு காசநோயைத் தடுக்கலாம் என்பதை, தோலின் காவலரைக் கண்டு, காசநோயால் எல்லாவற்றையும் இழந்த ஒருவர் அறிய முடியாமல் போனதே என்றுதான்.

இன்னும் இரண்டு செய்திகள் உள்ளன. இந்த உயிரணுக்கள் கருவிலேயே தோலுக்கு வந்து குடியேறி, அங்கேயே தம்மைப் பெருக்கிக்கொள்கின்றன என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. பிறப்பின் வழியில் பார்த்தால் இவை அயற்பொருளை விழுங்கும் உயிரணுக்களின் உறவினர்கள். 1869இல் இலிங்கத் தூளை விழுங்கியதாக அவரும் ஹோஃப்மனும் கண்டார்களே, அந்தக் குடும்பம். ஒரே ஆண்டு இடைவெளியில் இரண்டு உறவினர்களைத் தனித்தனியே சந்தித்துவிட்டு, உறவு தெரியாமல் கடந்து போயிருக்கிறார்.

மற்றொன்று 1993இல் வந்தது. மனிதத் தோலை ஆராய்ந்த ஒரு குழு, மேல்தோலுக்குள் ஏறி வரும் நரம்பு இழைகள் பல இடங்களில் லாங்கர்ஹான்ஸ் உயிரணுக்களைத் தொட்டுக்கொண்டிருப்பதைக் கண்டது. அந்த நரம்புகள் விடும் ஒரு வேதிப்பொருள், அயற்பொருளை வெள்ளையணுக்களுக்குக் காட்டும் வேலையைத் தணிக்கிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். அந்த உயிரணுக்கள் நரம்புகள் அல்ல, ஆனால் நரம்புகளோடு பேசுகின்றன. பெர்லினில் அந்த மாணவர் பொன் கரைசலில் ஊறிய தோலைப் பார்த்து நரம்பு என்று எழுதி 125 ஆண்டுகளும், ஃபுன்ஷாலில் அவர் அடக்கம் செய்யப்பட்டு 105 ஆண்டுகளும் ஆகியிருந்தன.